என்எஃப்சி கிழக்கு: 14 கோப்பையா, பழைய பெருமையா?

ஸ்டீல்நகர் சேகர்:
ஒவ்வொரு வருடமும் ஆட்ட அட்டவணை வந்ததும் இதே கதைதான். ஞாயிறு இரவா, டல்லாஸ். திங்கள் இரவா, பிலடெல்பியா. நன்றி தெரிவிக்கும் நாளைக் கேட்கவே வேண்டாம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், டல்லாஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ், வாஷிங்டன், பிலடெல்பியா ஈகிள்ஸ் நான்கும் இருக்கும் இந்த என்எஃப்சி கிழக்கைத் தவிர வேறு ஏழு பிரிவுகள் இருப்பதே டிவிக்காரர்களுக்குத் தெரியாதோ என்று சந்தேகம் வருகிறது. 2020-ல் என்எஃப்சி கிழக்கில் முதலிடம் பிடித்த வாஷிங்டனின் கணக்கு 7 வெற்றி, 9 தோல்வி. 10 ஆட்டம் தோற்றிருந்த ஜயன்ட்ஸ்கூட கடைசி இரவு வரை பிரிவைப் பிடிக்கும் வாய்ப்போடு உட்கார்ந்திருந்தது. 1995-க்குள் சம்பாதித்த பெயரை வைத்துத்தான் இந்தப் பிரிவு இன்னும் காலம் தள்ளுகிறது. மறுப்பவர்கள் எண்ணோடு வரவும்.

ஆர்லிங்டன் அண்ணாச்சி:
எண்தானே வேண்டும் தம்பி? 14. 2024 சீசன் முடிய டல்லாஸ் 5, ஜயன்ட்ஸ் 4, வாஷிங்டன் 3, ஈகிள்ஸ் 2. இத்தனை சூப்பர் பவுல், அதாவது லீக்கின் சாம்பியன் கோப்பை, வேறு எந்தப் பிரிவிடம் இருக்கிறது? நான்கு அணிகளும் கோப்பை வென்ற ஒரே பிரிவும் இதுதான். லீக்கின் மறுபாதியான ஏஎஃப்சியில், உங்கள் ஸ்டீலர்ஸ் இருக்கும் வடக்குப் பிரிவில் கிளீவ்லேண்டும் சின்சினாட்டியும் இன்னும் வெறுங்கையோடுதான் நிற்கின்றன.

புதுசு77:
மன்னிக்கவும், நான் இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். பிரிவில் முதலிடம் பிடித்தால் அப்படி என்ன கிடைக்கும்?

மெடோலாண்ட்ஸ் மாமி:
பிளே ஆஃபில், அதாவது கோப்பைக்கான நாக் அவுட் சுற்றில், இடம் உறுதி. குறைந்தது ஒரு ஆட்டம் சொந்த மைதானத்தில் கிடைக்கும், மற்றவர்களைவிடக் கணக்கு மோசமாக இருந்தாலும். 17 ஆட்டத்தில் 6 ஆட்டம் இந்த மூன்று பேரோடுதான், வருடத்துக்கு ஆளுக்கு இரண்டு முறை. அதனால்தான் இவ்வளவு வன்மம். உட்கார்ந்து படிங்க, போகப் போகப் புரியும்.

ஸ்டீல்நகர் சேகர்:
அண்ணாச்சி, அந்த 14-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். என்எஃப்எல்லில் சம்பள உச்சவரம்பு வந்தது 1994-ல். ஒரு அணிக்கு 3.46 கோடி டாலருக்கு மேல் கிடையாது என்று கட்டினார்கள். அதற்கு முந்தைய 24 சீசனில் உங்கள் பிரிவு வென்றது 9 கோப்பை. அதற்குப் பிறகு 2024 வரையான 31 சீசனில் 5. நியூயார்க், டல்லாஸ், வாஷிங்டன், பிலடெல்பியா நான்கும் பெரிய டிவி சந்தைகள். உரிமையாளர்கள் பணக்காரர்கள். செலவுக்குக் கூரை போட்டதும் வேகம் குறைந்துவிட்டது. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

மெடோலாண்ட்ஸ் மாமி:
சேகர், பணத்தால்தான் எல்லாம் என்றால் ஜயன்ட்ஸ் கதையை நீங்கள் படித்ததே இல்லை என்று அர்த்தம். நாட்டிலேயே பெரிய சந்தை நியூயார்க். அந்த ஊர் அணி 1964 முதல் 1980 வரை தொடர்ந்து 17 சீசன் பிளே ஆஃப் வாசலையே மிதிக்கவில்லை! மாரா குடும்பத்தில் சித்தப்பாவும் அண்ணன் மகனும் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆளுக்குப் பாதி அணியை வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலம் எப்படி இருந்தது என்பதற்கு 1978 நவம்பர் 19 போதும். ஈகிள்ஸுக்கு எதிராக 17–12 என்று முன்னிலை. அரை நிமிடம்தான் பாக்கி, எதிரணியிடம் டைம் அவுட்டும் இல்லை. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர், அப்படியே முட்டி போட்டிருந்தால் கடிகாரம் ஓடி ஆட்டம் முடிந்திருக்கும். மேலேயிருந்து வந்த உத்தரவோ, பந்தோடு ஓடும் லாரி சோங்காவிடம் பந்தைக் கொடு என்று. எங்கள் குவார்ட்டர்பேக் ஜோ பிசார்சிக் கொடுக்கப் போக, பந்து கையில் நிற்காமல் தரையில் விழுந்து துள்ளியது. ஈகிள்ஸின் ஹெர்ம் எட்வர்ட்ஸ் அள்ளிக்கொண்டு ஓடினார், டச் டவுன். 19–17. அந்த உத்தரவைக் கொடுத்த பயிற்சியாளருக்கு மறுநாளே வேலை போய்விட்டது. இன்றைக்கு எல்லா அணியும் ஆட்டத்தின் கடைசியில் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் காவலுக்கு ஓர் ஆளை நிறுத்தி முட்டி போடுகிறதே, அந்த ஏற்பாடு பரவியதே எங்கள் வயிற்றெரிச்சலில்தான்.

1979-ல் கமிஷனர் பீட் ரோசெல் நடுவில் புகுந்து ஜார்ஜ் யங்கை மேலாளராகக் கொண்டுவந்த பிறகுதான் விடிவுகாலம். 1981 டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்வு செய்யும் நாளில், லாரன்ஸ் டெய்லர் வந்தார், அந்த வருடமே பிளே ஆஃப். டெய்லரைப் பணம் கொடுத்து வாங்கவில்லை, தேர்வு செய்தோம். வீரர்கள் உண்மையில் சுதந்திரமாக அணி மாறும் வழி 1993-ல்தான் திறந்தது. அதற்கு முன்னால் பணம் வைத்திருந்தவர் எந்தக் கடையில் போய் வாங்கியிருப்பார் என்று நீங்களே சொல்லுங்கள்.

பர்கண்டி பாலு:
மாமி சொன்னதோடு வாஷிங்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் மூன்று சூப்பர் பவுல் வென்றார், மூன்றும் வெவ்வேறு குவார்ட்டர்பேக்கோடு: தைஸ்மன், டக் வில்லியம்ஸ், ரிப்பியன். மூவரில் ஒருவர்கூடப் புகழ்மண்டபத்தில் இல்லை.

1987-ல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மாற்று ஆட்களை வைத்து மூன்று வாரம் ஆட்டம் நடத்தினார்கள். எங்கள் மாற்று அணி மூன்றையும் வென்றது. மூன்றாவது ஆட்டம் டல்லாஸ் ஊரிலேயே, திங்கள் இரவு. டோனி டோர்செட், டேனி ஒயிட் மாதிரி நிஜ ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தை உடைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் ஆடினார்கள். பெயர் தெரியாத எங்கள் பையன்கள் 13–7 என்று முடித்துவிட்டு வந்தார்கள். அந்த சீசன் கடைசியில் சூப்பர் பவுலில் டென்வரை 42–10. இரண்டாவது கால்பகுதியில் மட்டும் 35 புள்ளி. சூப்பர் பவுலில் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக இறங்கிய முதல் கறுப்பினத்தவர் டக் வில்லியம்ஸ்தான், வென்றதும் அவர்தான்.

ஸ்டீல்நகர் சேகர்:
முழு வரலாற்றையும் சொல்லுங்கள் பாலு. அதே வாஷிங்டன்தான் கறுப்பின வீரர்களை எடுக்காமல் கடைசி வரை அடம்பிடித்த அணி. உரிமையாளர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் 1962-ல் இறங்கி வந்ததுகூட மனம் மாறி அல்ல. புது மைதானம் மத்திய அரசு நிலத்தில் இருந்தது. உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் உடால் கழுத்தைப் பிடித்தார்.

பர்கண்டி பாலு:
அதில் எனக்கு வாதமே இல்லை. அந்த ஆளைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

வரைபடம்:
மார்ஷல் பெயர் வந்ததால் கேட்கிறேன். டல்லாஸ் எப்படி ஐயா கிழக்கு? நியூ ஆர்லியன்ஸ் பக்கத்து மாநிலம், அது தெற்குப் பிரிவில். டெக்சாஸில் இருக்கும் அணி மட்டும் ஆயிரம் மைல் தாண்டி பிலடெல்பியாவோடு ஒரே கூரையின் கீழ். இதில் பாரம்பரியம் என்று வேறு சொல்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் பாதி பழிவாங்கல், பாதி குருட்டு அதிர்ஷ்டம்.

தெற்கு மாநிலங்கள் முழுக்க வாஷிங்டன் ஆட்டத்தை ஒளிபரப்பி மார்ஷல் காசு பார்த்துக்கொண்டிருந்தார். டல்லாஸில் ஓர் அணி வந்தால் தன் சந்தை போய்விடும் என்று முட்டுக்கட்டை போட்டார். டல்லாஸில் அணி தொடங்க நினைத்த கிளின்ட் மர்ச்சிசன் தரப்பு என்ன செய்தது தெரியுமா? வாஷிங்டன் அணியின் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் மார்ஷலோடு மனக்கசப்பில் இருந்தார். அவரிடமிருந்து பாட்டின் உரிமையையே வாங்கிவிட்டார்கள். பாட்டு வேண்டுமா, ஓட்டு போடு. 1960-ல் டல்லாஸ் அணி பிறந்தது.

அப்புறம் 1970. என்எஃப்எல்லும் அதன் போட்டி லீக்கான ஏஎஃப்எல்லும் இணைந்த பிறகு என்எஃப்சி உரிமையாளர்களால் மாதக்கணக்கில் பிரிவுகளைப் பிரித்துக்கொள்ள முடியவில்லை. கடைசியில் ஐந்து திட்டங்களைச் சீட்டெழுதிப் பூஜாடியில் போட்டு, ரோசெலின் செயலாளர் தெல்மா எல்க்யரை ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். மூன்றாவது திட்டம் வந்தது: டல்லாஸ், ஜயன்ட்ஸ், ஈகிள்ஸ், வாஷிங்டன், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். வேறு சீட்டு வந்திருந்தால் நீங்கள் யாரும் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

ஆர்லிங்டன் அண்ணாச்சி:
பூஜாடிக்கு முன்பே, 1967-லேயே டல்லாஸ், வாஷிங்டன், பிலடெல்பியா மூன்றும் கேபிடல் பிரிவில் ஒன்றாகத்தான் இருந்தன. சீட்டு புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. சேகரின் ஸ்டீலர்ஸும் பழைய கிழக்குக்காரர்கள்தான். 1970-ல் ஏஎஃப்சிக்கு மாற 30 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு போனார்கள். பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் அதையும் சேர்த்துப் பேசியிருக்கலாம்.

ஸ்டீல்நகர் சேகர்:
வாங்கினோம். போன பத்து வருடத்துக்குள் நான்கு சூப்பர் பவுல். அதில் இரண்டு உங்கள் டல்லாஸிடமிருந்து.

பிராட் தெரு:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கோப்பைக் கணக்கு மட்டும் போட்டால் இந்தப் பிரிவு பிடிபடாது. 1991 ஈகிள்ஸைப் பாருங்கள். ரெஜி ஒயிட், ஜெரோம் பிரவுன், கிளைட் சிம்மன்ஸ். பாஸ் தடுப்பிலும் ஓட்டத் தடுப்பிலும் மிகக் குறைந்த கஜம் விட்டுக்கொடுத்து லீக்கிலேயே முதலிடம். குவார்ட்டர்பேக் ராண்டல் கன்னிங்ஹாம் முதல் ஆட்டத்திலேயே அடிபட்டும் 10 வெற்றி. பிளே ஆஃபுக்குப் போகவில்லை! ஏன்? வாஷிங்டன் 14, டல்லாஸ் 11. அந்தக் காலத்தில் இந்தப் பிரிவிலிருந்து வெளியே வருவதே சூப்பர் பவுலைவிடக் கஷ்டம். 1990 முதல் 1993 வரை நான்கு கோப்பையும் இங்கேதான் இருந்தது, மூன்று வெவ்வேறு வீட்டில்.

1990 நவம்பரில் எங்கள் ஊரில் ஒரு திங்கள் இரவு. வாஷிங்டனின் இரண்டு குவார்ட்டர்பேக்கும் அடிபட்டு வெளியேற, பந்தைத் திருப்பி ஓடும் பிரையன் மிட்செல் குவார்ட்டர்பேக்காக நின்று ஆட்டத்தை முடித்தார். 28–14. அந்த ஆட்டத்துக்குப் பிணப்பை ஆட்டம் என்றே பெயர் வந்துவிட்டது. சந்தோஷப்பட்டு முடியவில்லை, ஜனவரியில் அதே மைதானத்துக்குப் பிளே ஆஃபுக்கு வந்து 20–6 என்று எங்களை அனுப்பி வைத்தார்கள்.

ஸ்டீல்நகர் சேகர்:
அருமையான கதை, ஆனால் நீங்கள் எல்லோரும் எனக்கே சாட்சி சொல்கிறீர்கள். 1978, 1987, 1990, 1991. அதற்குப் பிறகு? 2004-ல் ஈகிள்ஸ் தொடர்ந்து நான்காவது முறை பிரிவை வென்றது. அடுத்த இருபது சீசனில் எந்த அணியாலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல முதலிடத்தில் நிற்க முடியவில்லை. நல்ல அணி என்று ஒன்று இருந்தால் நின்றிருக்கும். டல்லாஸைக் கேட்கவே வேண்டாம். 1995 சீசனுக்குப் பிறகு ஒரு முறையாவது, சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டமான என்எஃப்சி இறுதிப் போட்டிக்குப் போயிருக்கிறதா அண்ணாச்சி?

மெடோலாண்ட்ஸ் மாமி:
அண்ணாச்சி இதற்கு வரமாட்டார், நானே வருகிறேன். உச்சவரம்பு வந்த பிறகு 2024 வரை எந்தப் பிரிவு எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ஏஎஃப்சி கிழக்கு 6, ஏஎஃப்சி மேற்கு 6, என்எஃப்சி கிழக்கு 5. ஏஎஃப்சி கிழக்கின் ஆறும் ஒரே அணி, நியூ இங்கிலாந்து. அவர்களைக் கழித்தால் மிச்சம் பூஜ்யம். எங்கள் ஐந்து மூன்று அணிகளுடையது. எது பலமான பிரிவு, ஒருவர் மட்டும் தின்று கொழுப்பதா, மூன்று பேர் கோப்பை தூக்குவதா?

இன்னொன்று. அந்த நியூ இங்கிலாந்தும் அதன் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியும் சேர்ந்து தோற்ற சூப்பர் பவுல்கள் மூன்று. 2007 சீசன், 18–0 என்று வந்தவர்களை ஜயன்ட்ஸ் 17–14. 2011, மறுபடி ஜயன்ட்ஸ், 21–17. 2017, ஈகிள்ஸ், 41–33. மூன்றும் நாங்கள். 2007-ல் ஜயன்ட்ஸ் பிரிவில் முதலிடம்கூட இல்லை. 13 வெற்றி பெற்ற டல்லாஸை அவர்கள் ஊரிலேயே 21–17 என்று தாண்டித்தான் போனது.

ஆர்லிங்டன் அண்ணாச்சி:
மாமி, அந்த ஆட்டத்தை நினைவுபடுத்தாமல் வாதாட வழியே இல்லையா?

ஸ்டீல்நகர் சேகர்:
மூன்று பேர் தூக்கியது சரி. நடுநடுவே 2020-ம் இருக்கிறதே. அந்தக் கடைசி ஆட்டத்தில் ஈகிள்ஸ் மூன்று புள்ளிதான் பின்தங்கியிருந்தது. குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை வெளியே எடுத்துவிட்டு மாற்று ஆள் நேட் சட்ஃபெல்டை இறக்கினார்கள். ஜெயிக்க நினைப்பவன் செய்கிற காரியமா அது?

பிராட் தெரு:
அதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் அந்த 7–9 வாஷிங்டன் பிளே ஆஃபில் தோற்றது யாரிடம்? அந்த வருடக் கோப்பையைத் தூக்கிய டாம்பாவிடம், 31–23. அப்புறம் 2022-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? நாங்கள் 14–3, டல்லாஸ் 12–5, ஜயன்ட்ஸ் 9–7–1 (கடைசி எண் சமன்), மூன்றும் பிளே ஆஃப். கடைசியில் இருந்த வாஷிங்டன்கூட 8–8–1. வெற்றியைவிடத் தோல்வி அதிகமான அணி அந்த வருடம் எங்கள் பிரிவில் இல்லை. 2024-ல் என்எஃப்சி இறுதிப் போட்டியே எங்களுக்கும் வாஷிங்டனுக்கும்தான், 55–23.

வரைபடம்:
கார்டினல்ஸை யாருமே பேசவில்லை பாருங்கள். 1970 முதல் 2001 வரை இந்தப் பிரிவிலேயே கிடந்த அணி. 1974, 1975 இரண்டு வருடமும் முதலிடம். 1988-ல் ஊரையே காலி செய்து அரிசோனா பாலைவனத்துக்குப் போன பிறகும் கிழக்குதான்! 2002-ல் எட்டுப் பிரிவாக மாற்றியபோதுதான் மேற்கே அனுப்பினார்கள். அவர்களுக்கு இன்றுவரை சூப்பர் பவுல் இல்லை. அண்ணாச்சி முதலில் சொன்ன ‘நான்கு அணிகளும் வென்ற ஒரே பிரிவு’ என்ற பெருமை அந்த ஐந்தாவது ஆளை வெளியே தள்ளியதால் வந்தது.

அதே 2002-ல் டல்லாஸைத் தெற்கே அனுப்பிவிட்டு கரோலினாவை இங்கே கொண்டுவந்திருந்தால் வரைபடமும் சரியாகியிருக்கும், பயணமும் குறைந்திருக்கும்.

பர்கண்டி பாலு:
கரோலினாவை வெறுக்க எனக்கு என்ன காரணம் இருக்கிறது சொல்லுங்கள்.

பிராட் தெரு:
டல்லாஸ் போகக்கூடாது. வருடத்துக்கு இரண்டு முறை வந்து அடி வாங்கட்டும்.

ஆர்லிங்டன் அண்ணாச்சி:
வரைபடம் ஐயா, ஜயன்ட்ஸ் ஆடுவது நியூஜெர்சியில். வாஷிங்டன் மைதானம் மேரிலாந்தில். நாங்கள் டல்லாஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆர்லிங்டனில் ஆடுகிறோம். பெயரில் இருக்கும் ஊரிலேயே ஆடுவது ஈகிள்ஸ் மட்டும். முதலில் இதைத் திருத்துங்கள், கிழக்கையும் தெற்கையும் அப்புறம் பார்க்கலாம்.

ஸ்டீல்நகர் சேகர்:
1995 கேள்விக்கு அண்ணாச்சி இன்னும் பதில் சொல்லவில்லை.