பெத் மீட் அடிச்ச பெனால்டி உள்ளே போனதே, அப்புறம் ஏன் மறுபடி அடிக்க விட்டாங்க?

இடதுகால்:
2025 பெண்கள் யூரோ ஃபைனலை நேத்து முழுசா மறுபடி பார்த்தேன். ஜூலை 27, பாசல், இங்கிலாந்து–ஸ்பெயின். 25வது நிமிஷம் ஸ்பெயினோட மரியோனா கால்தென்தே தலையால முட்டினாங்க, 57ல இங்கிலாந்தோட ருஸ்ஸோ தலையால முட்டினாங்க. 1-1. கூடுதல் நேரத்துலயும் ஒண்ணும் நடக்கல, ஷூட்அவுட். அதாவது ரெண்டு அணியும் மாத்தி மாத்தி பெனால்டி.

என் சந்தேகம் அதோட முதல் அடியிலதான். இங்கிலாந்தோட மீட் ஓடி வர்றாங்க, கால் வழுக்குது, ஆனாலும் பந்து வலைக்குள்ள. அதை ரத்து பண்ணிட்டு மறுபடி அடிக்கச் சொல்றாங்க. ரெண்டாவது அடியைக் காதா கோல் தடுத்துட்டாங்க. (கோல்கீப்பர் பேரே கோல்னு இருந்தா தமிழ்ல எப்படித்தான் எழுதறது!)

நான் ஸ்பெயின் பக்கம். இருந்தும் மனசு கேக்கல. வழுக்கி விழுந்தது அவங்க குத்தமா?

மூணாம்நடை:
கீப்பர் கோட்டை விட்டு முன்னாடி வந்திருப்பாங்க. அதுக்குத்தான் மறுபடி அடிக்கச் சொல்வாங்க.

விசில்காரன்:
இல்லைங்க, கீப்பர் மேல தப்பு இல்ல. ஸ்லோமோஷன்ல மீடோட ஊன்றுகாலை மட்டும் பாருங்க. அது வழுக்கி முன்னால போகுது, உதைச்ச பந்து அதுலயும் பட்டுட்டுப் போகுது. அடிச்சவங்க, வேற யாராவது தொடறதுக்கு முன்னாடி பந்தை ரெண்டாவது தடவை தொடக்கூடாது. பழைய விதிதான்.

இதே விதியிலதான் அந்த வருஷம் மார்ச்ல ஹூலியன் ஆல்வாரெஸ் மாட்டினார். சாம்பியன்ஸ் லீக், ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஷூட்அவுட். அவருக்கும் கால் வழுக்கிச்சு, பந்தும் உள்ளே போச்சு. ஆனா கோல் ரத்து, மறுவாய்ப்பும் கிடையாது, தவறவிட்டதாவே கணக்கு. அவரோட அணி அட்லெடிகோ வெளிய. பெரிய கூச்சல் ஆனதும், விதி எழுதற ஐஎஃப்ஏபி ஒரு விளக்கம் கொடுத்தது: தெரியாம ரெண்டு தடவை பட்டு கோல் ஆச்சுன்னா மறுபடி அடிக்கலாம். கோல் ஆகலைன்னா, ஷூட்அவுட்ல அது தவறவிட்ட அடி. ஆட்டத்துக்கு நடுவுலன்னா எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (அதுல நேரா கோல் போட முடியாது). ஜூலை 2ல தொடங்கின யூரோவுக்கு இது கைக்கு வந்துடுச்சு. அதனால மீடுக்கு அநியாயம் நடக்கலைங்க, சலுகைதான் கிடைச்சது. நாலு மாசம் முந்தி இதே ஃபைனல் நடந்திருந்தா நேரா பூஜ்யம்.

இவ்வளவு பேசறேனே, நானே இதுல சறுக்கினவன். வாரக் கடைசியில பெண்கள் ஆட்டத்துக்கு ரெஃபரியா நிப்பேன். ஒரு நாள் ஈரத் தரை, பெனால்டி, அடிச்ச பொண்ணு சறுக்கி உட்கார்ந்தே போச்சு, பந்து உள்ளே. கோல்னு விசில் ஊதிட்டேன். எதிரணி கீப்பர், பதினாலு வயசு இருக்கும், ஓடி வந்து "சார், ரெண்டு சத்தம் கேட்டுச்சு"ன்னா. "போம்மா, ஒண்ணுதான்"னு சொல்லி அனுப்பிட்டேன். சாயங்காலம் யாரோ ஒரு அப்பா போன்ல எடுத்த வீடியோவைக் காட்டினார். டப், டப். ரெண்டேதான்.

பழைய கையுறை:
நான் ரொம்ப வருஷம் கோல்கீப்பரா நின்னவ. மறுபடி அடிக்கறப்போ யோசனை முழுக்க அடிக்கறவங்க தலையிலதான். அதே மூலையா, மாத்தணுமான்னு. நாங்க சும்மா கோட்டுல நின்னாப் போதும்.

ஆனா ஒண்ணு, மீட் தவறவிட்டதோட இங்கிலாந்து கதை முடியலையே. ஸ்பெயின்ல கிஹார்ரோ மட்டும்தான் போட்டாங்க. கால்தென்தே, பொன்மாதி ரெண்டு பேரோடதையும் இங்கிலாந்து கீப்பர் ஹாம்ப்டன் தடுத்தாங்க, பரயுவெலோ வெளிய அடிச்சாங்க. நடுவுல இங்கிலாந்து கேப்டன் வில்லியம்சன் அடிச்சதையும் காதா கோல் தடுத்தாங்களே, அதை யாரும் பேசறதே இல்ல. ஸ்பெயின் கீப்பர் துண்டுல எழுதி வெச்சிருந்த குறிப்பை, அவங்க கோலுக்குள்ள போன சமயம் பார்த்து எடுத்து ரசிகர் கூட்டத்துல வீசிட்டேன்னு ஹாம்ப்டனே பிறகு சொன்னாங்க. எங்க காலத்துல எனக்கு இது தோணலையேன்னுதான் வருத்தம்!

கடைசி அடி க்ளோயி கெல்லி. லாரன் ஜேம்ஸுக்கு முடியாமப் போய் 41வது நிமிஷம் உள்ளே வந்தவங்க, ருஸ்ஸோவுக்குப் பந்து தூக்கிப் போட்டதும் அவங்கதான். அரையிறுதியில இத்தாலி கீப்பர் அவங்க பெனால்டியைத் தடுத்து, திரும்பி வந்த பந்தை அடிச்சுத்தான் 119வது நிமிஷம் ஜெயிச்சாங்க. ஷூட்அவுட்ல திரும்பி வர்ற பந்து செல்லாது. அது தெரிஞ்சும், ஓடி வர்றப்போ போடற அந்த ஒரு துள்ளலை விடாம அதே மாதிரி வந்து அடிச்சாங்க பாருங்க. இங்கிலாந்துக்கு 3-1.

இடதுகால்:
ரொம்ப நன்றி. ரெண்டு சத்தம் கேக்குதான்னு வால்யூமை முழுசா ஏத்திப் பார்த்தேன், கூட்டத்தோட இரைச்சல்ல ஒண்ணுகூடக் கேக்கல. கால்ல படறது மட்டும் தெரியுது. விசில்காரன் அண்ணா, அந்தக் கீப்பர் பொண்ணு கிட்ட அப்புறம் சொன்னீங்களா?

விசில்காரன்:
சொன்னேம்மா. அடுத்த மாசம் அவங்க ஆட்டம் மறுபடி எனக்கு வந்துச்சு. "அன்னிக்கு ரெண்டு சத்தம்தான், நீ சொன்னது சரி"ன்னேன். "தெரியும் சார்"னு சொல்லிட்டு கையுறையை மாட்டிக்கிட்டுப் போயிட்டா.