சாண்டா கிளாஸ் நிஜமா என்று மகள் கேட்கிறாள்

கேள்வி: மகளுக்கு 7 வயது. சாண்டா பொய் என்று வகுப்பில் யாரோ சொல்லிவிட்டார்களாம், நேற்று ராத்திரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு "நிஜமாவே வருவாராம்மா?" என்று கேட்டாள், எனக்குப் பதிலே வரவில்லை. இன்னும் ஒரு வருடம் நம்பட்டும் என்று விடலாமா?

பதில் 1: கேட்காதவரை அது விளையாட்டு, சரி. நேராகக் கேட்ட பிறகும் ஆமாம் என்றால் பொய்தான். "நீ என்ன நினைக்கிற?" என்று முதலில் கேளுங்கள், பாதியை அவளே கண்டுபிடித்திருப்பாள்.

பதில் 2: 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மைராவில் கிறிஸ்தவ ஆயராக (பிஷப்பாக) இருந்த நிக்கோலஸிடமிருந்துதான் இந்தக் கதை வளர்ந்தது என்று மகனிடம் சொன்னேன். அழவில்லை. அப்புறம் தம்பிக்கு ரகசியமாகப் பரிசு வைக்கும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான்.

பதில் 3: "அடம்பிடித்தால் சாண்டா வரமாட்டார்" என்று மட்டும் மிரட்டாதீர்கள். சின்ன வயதில் நான் பட்ட அந்தப் பயம் இன்னும் மறக்கவில்லை.