அப்பத்தாவின் மறதி: அழிவது நரம்பணுவா, இணைப்பா?

வளவுவீட்டுப் பேரன், கானாடுகாத்தான்:
எங்கள் அப்பத்தாவுக்கு 78 வயது. ஓலைக்கொட்டான் முடையும்போது அவர் விரல்கள் ஒரு பின்னலைக்கூடத் தவறவிடுவதில்லை. ஆனால் முடைந்துகொண்டே, காலைப் பலகாரம் ஆயிற்றா என்று சாப்பிட்டு முடித்த பிறகும் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அல்சைமர் நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்கிறார் நரம்பியல் மருத்துவர். மூளை அணுக்கள் செத்துப்போகின்றன என்றால், கைவேலை மட்டும் எப்படி மிஞ்சுகிறது? சிங்கப்பூரிலிருக்கும் சித்தப்பா சொல்லும் லெக்கனிமாப் என்ற அல்சைமர் ஊசி பயன்படுமா?

உயிரியல் ஆசிரியை, பள்ளத்தூர்:
தம்பி, இந்நோய் மூளை முழுவதையும் ஒரே நேரத்தில் பற்றுவதில்லை. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுகிறது. பல்லாண்டுகள் பழகிய கைவேலைக்குத் துணைநிற்கும், மூளையின் உட்பகுதியிலுள்ள பேசல் கேங்க்லியாவும் பின்புறமுள்ள சிறுமூளையும் நெடுநாள் ஓரளவு தப்பிவிடுகின்றன.

அதைவிட முக்கியமானது, அணு சாவதற்கு முன்பே அணுக்களுக்கிடையிலான சினாப்ஸ் இணைப்புகள் அற்றுவிடுகின்றன என்பது. இந்நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தின் அளவைக் காட்டிலும், இழந்த சினாப்ஸ்களின் அளவோடுதான் மறதியின் தீவிரம் நெருங்கிப் பொருந்துகிறது. வளரும் மூளையில் வேண்டாத இணைப்புகளை அகற்றும் மைக்ரோக்ளியா அணுக்கள், களையெடுக்கப் போனவர் பயிரையும் சேர்த்துப் பிடுங்குவதுபோல, இந்நோயில் நல்ல இணைப்புகளையும் விழுங்குவதாக 2016இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. விழுங்க வேண்டியதைச் சுட்டும் சி1க்யூ என்ற புரதத்தைத் தடுத்தபோது இழப்பு குறைந்தது. எலியில் பலித்தவை மனிதரிடம் பொய்த்த கதை இத்துறையில் ஏராளம் என்பதால், இதை மருந்தென்று எண்ணிவிட வேண்டாம்.

பொது மருத்துவர், தேவகோட்டை:
ஆசிரியை அம்மா சொன்னது சரி. ஊசியைப் பற்றி நான் சொல்கிறேன். அந்த அமிலாய்டை அகற்றும் லெக்கனிமாபுக்கு அமெரிக்கா 2023 ஜூலையில் முழு ஒப்புதல் அளித்தது. தொடக்க நிலையிலிருந்த 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில், நோய் முற்றும் வேகம் 27 விழுக்காடு குறைந்தது. கேட்கப் பெரிதாகத் தோன்றும் இந்த எண், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் வெறும் 0.45 புள்ளி வித்தியாசம்தான். இழந்த நினைவு எதுவும் மீளவில்லை. மருந்து பெற்றவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தென்பட்டது. பெரும்பாலோருக்கு அறிகுறி இல்லை என்றாலும், அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்தே தீர வேண்டும். தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கொரு முறை நரம்பு வழியே ஏற்ற வேண்டியதையும், அமிலாய்டு இருப்பதை முன்னதாகவே உறுதிசெய்ய வேண்டியதையும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

அதற்கு முன் வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றால் வரும் மறதி பல வேளைகளில் சரிசெய்யக்கூடியது. காதையும் சோதியுங்கள். அப்பத்தா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா?

வளவுவீட்டுப் பேரன், கானாடுகாத்தான்:
ஆம் ஐயா, இதயத்துடிப்புக் கோளாறுக்காக எடுத்துவருகிறார். காதும் மந்தம்தான்.

பொது மருத்துவர், தேவகோட்டை:
அப்படியானால் அந்த ஊசியால் மூளையில் ரத்தக்கசிவு அபாயம் கூடும்; அதற்கு அவரைப் பொதுவாகத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். ஊசிக்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையையும் காது பரிசோதனையையும் இந்த வாரமே காரைக்குடியில் முடித்துவிடுங்கள்.