மீனா அத்தையின் கண் மாத்திரை (எங்கள் குடும்பக் குழு, நேற்று இரவு)

முருகேசன் மாமா, 8.12: செல்வி, படம் அனுப்பியிருக்கிறேன், பாரும்மா. உன் அத்தை வாங்கி வந்த கண் மாத்திரை. லூட்டின் 10 மி.கி., ஜியாசாந்தின் 2 மி.கி., ஜிங்க் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. சுகரால் கெடுகிற கண்ணுக்கு இது கேட்குமா?

மீனா அத்தை, 8.14: எதிர்வீட்டு அண்ணனுக்குக் கண் டாக்டரே எழுதிக் கொடுத்ததுதான்.

செல்வி, 8.15: அவருக்குக் கண்ணில் என்ன கோளாறு அத்தை? சுகரா?

மீனா அத்தை, 8.17: சுகர் இல்லை. வயசானதால் ரெட்டினா நடுவில் தேய்ந்துவிட்டதாம்.

செல்வி, 8.21: அங்கேதான் வித்தியாசம். இந்த லூட்டின் அளவெல்லாம் 2013இல் அமெரிக்காவில் வெளியான ஏரெட்ஸ்-2 ஆய்விலிருந்து வந்தது. அது வயதால் வருகிற மாகுலா (ரெட்டினாவின் நடுப்பகுதி) தேய்மானத்துக்குச் செய்த ஆய்வு. சுகரில் ரெட்டினாவின் மெல்லிய ரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசியும். அது வேறு நோய்.

கார்த்தி, 8.22: சுகர்காரர்களை வைத்து யாரும் சோதித்ததே இல்லையா அக்கா?

செல்வி, 8.29: இருக்கிறது கார்த்தி. ஆல்ஃபா லிபோயிக் அமிலம் என்கிற சத்து மாத்திரையை சுகர்காரர்கள் 467 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு தினம் 600 மி.கி., மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற டம்மி மாத்திரை. இரண்டு வருடம். மாகுலா வீக்கம் வருவதை அது தடுக்கவில்லை. 2011இல் முடிவு வந்தது.

இன்னொன்றில் லூட்டின், மீன் எண்ணெய்ச் சத்து, மஞ்சளின் குர்குமின் எல்லாம் கலந்த மாத்திரை. நிறம் பிரித்தறிவதும், வெளிறிய எழுத்தைப் படிப்பதும் தேறின. ரெட்டினாவின் தடிமன் மாறவில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் மொத்தமே 67 பேர், ஆறு மாதம். அதை வைத்து அத்தை கண்ணை விட்டுவிட முடியாது.

முருகேசன் மாமா, 8.31: அவள் ஜூன் மாதம் போக வேண்டிய ரெட்டினா செக்கப்புக்கே போகவில்லை. மாத்திரை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு தீபாவளிக்கு அப்புறம் போகலாம் என்கிறாள்.

மீனா அத்தை, 8.33: சொட்டு மருந்து விட்டால் நாலு மணி நேரம் ஒன்றும் தெரிய மாட்டேன் என்கிறது. பஸ் நம்பர்கூடப் படிக்க முடியவில்லை. தனியாக எப்படித் திரும்பி வருவது?

செல்வி, 8.34: புரிகிறது அத்தை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது பார்வையில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா?

மீனா அத்தை, 8.38: பெரிதாக ஒன்றுமில்லை. போன வெள்ளிக்கிழமை கோலத்துக்குப் புள்ளி வைத்தபோது ஒரு புள்ளி அதிகமாகத் தெரிந்தது. கையால் அழித்தேன், போகவில்லை. கண்ணைத் திருப்பினால் அதுவும் கூடவே நகர்கிறது. இடது கண்ணில்தான். இப்போது நூல் மாதிரி நீளமாக ஆகியிருக்கிறது.

செல்வி, 8.39: அத்தை, அது கண்ணுக்குள் ரத்தம் கசிவதாக இருக்கலாம். காலையிலேயே ரெட்டினா டாக்டரிடம் போக வேண்டும். திரை விழுந்த மாதிரி மறைத்தாலோ மின்னல் மாதிரி தெரிந்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள், இரவே கிளம்புங்கள்.

கார்த்தி, 8.40: ஆறரைக்கு ஆட்டோவோடு வாசலில் நிற்பேன் அத்தை. முடிகிறவரை கூடவே இருந்து வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன்.

மீனா அத்தை, 8.42: அப்போ இந்த மாத்திரை?

செல்வி, 8.43: டப்பாவைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சாப்பிடலாமா என்று டாக்டரே சொல்லட்டும். சுகர், பிரஷர் மாத்திரைகளை மட்டும் நிறுத்தாதீர்கள். மாமா, பழைய ஸ்கேன் ஃபைல் எங்கே இருக்கிறது?

முருகேசன் மாமா, 8.47: பீரோ மேல்தட்டில் இருந்தது. எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். கூலிங் கிளாஸும் வைத்தாயிற்று.