லூக்கா டோனி: இத்தனை கிளப் மாறியும் எப்படி நிலைச்சார்?

கேள்வி (பந்துப்பைத்தியம்):
இத்தாலி கால்பந்து ஸ்ட்ரைக்கர் டோனியோட கிளப் பட்டியலைப் பார்த்தா தலை சுத்துது. மொடேனா, எம்போலி, ட்ரெவிசோ, விசென்சா, பிரெஷா... 26 வயசு வரைக்கும் வெளிநாட்டுல யாருக்கும் பெரிசா தெரியாது. அப்புறம் எப்படி உலகக் கோப்பை அணிக்கு வந்தார்?

பழையஒன்பது:
பலெர்மோ கிளப்தாங்க காரணம். 2003-ல ஒரு படி இறங்கி சீரி பி-க்கு, அதாவது இத்தாலியோட இரண்டாம் நிலை லீக்குக்குப் போனார். அந்த சீசன்ல 30 கோல், கிளப்பும் முதல் நிலை லீக்கான சீரி ஆ-வுக்கு ஏறிடுச்சு. 2005-06-ல ஃபியோரென்டினாவுக்கு 31 கோல், ஐரோப்பிய லீக்குகள்ல அதிகமா கோல் போட்டவருக்குத் தர்ற ஐரோப்பிய தங்கக் காலணி. அதை வாங்கின முதல் இத்தாலியர் அவர்தான். 2006 உலகக் கோப்பை காலிறுதியில உக்ரைன் மேல 2 கோல்.

நான் அவர் ஆட்டத்தை ரசிச்சுப் பார்ப்பேன். வேகம் கிடையாது. டிஃபெண்டரை முதுகுல சாய்ச்சு நிறுத்திட்டு, பந்து வந்ததும் அரைத் திருப்பத்துல அடிப்பார். சில நேரம் முழங்கால்ல பட்டுகூட உள்ள போகும்! கோல் போட்டதும் காதுகிட்ட கையைத் திருகுவார் பாருங்க, அது ஒரு தனி அழகு.

கிராஸ்பிரியன்:
அப்புறம் ஜெர்மனியோட பயர்ன் மியூனிக் கிளப்ல 2007-08-ல 24 கோல், அந்த நாட்டு லீக்கான பன்டஸ்லிகாவுல கோல் கணக்குல முதலிடம். வான் ஹால் பயிற்சியாளரா வந்ததும் இடம் போச்சு, ரோமாவுக்குக் கடனா போனார்.

பந்துப்பைத்தியம்:
அதோட முடிஞ்சுதா?

பழையஒன்பது:
எங்க முடிஞ்சுது! ஜெனோவா, யுவென்டஸ், துபாய் அல் நாஸ்ர், திரும்பவும் ஃபியோரென்டினான்னு சுத்திட்டு வெரோனா வந்தார். 2014-15-ல 22 கோல், இன்டர் மிலான் ஸ்ட்ரைக்கர் இக்கார்டியோட சேர்ந்து சீரி ஆ கோல் கணக்குல முதலிடம். அப்போ வயசு 38.