டேப் கோப்பில் சிதையும் தமிழ்த் தெருப்பெயர்கள்: உதவி தேவை

வணக்கம். வேளச்சேரி மழைநீர் வடிகால் வரைபடம், மேப்இன்ஃபோ என்ற வரைபட மென்பொருளின் பழைய டேப் வடிவில். டேப், டேட், மேப், ஐடி நான்கையும் ஒரே ஃபோல்டரில் வைத்து ஓஜிஆர்2ஓஜிஆர் என்ற மாற்றுக் கருவி கொண்டு ஜியோபேக்கேஜ் என்ற புதிய வரைபட வடிவுக்கு மாற்றியாயிற்று. கோடுகள் க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் தெருக்கள் மேல் கச்சிதமாக உட்காருகின்றன. பெயர்கள்தான் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகளாக வருகின்றன.

டேப் கோப்பை நோட்பேடில் திறந்தால் சார்செட் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் குறியேற்றம்) வரியில் விண்டோஸ்லத்தீன்1 என்றிருக்கிறது. உள்ளே இருப்பதோ பழைய தமிழ் எழுத்துருவின் பைட்டுகள். அந்த வரியை நியூட்ரல் என்று திருத்தி, சிஎஸ்வியாக எடுத்து, ஐகான்வி என்ற குறியேற்ற மாற்றியில் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்திலிருந்து யூனிகோடுக்கு மாற்றினால் பாதிப் பெயர்கள் சரியாகின்றன. மீதி டாம் என்ற இன்னொரு பழைய தமிழ்க் குறியேற்றம்போலத் தெரிகிறது. ஐகான்விக்கு அது தெரியாது.

ஷேப்ஃபைல் என்ற வேறு வரைபட வடிவுக்கு மாற்றும் யோசனை வேண்டாம், புலப்பெயர் (அட்டவணைப் பத்தியின் பெயர்) 10 எழுத்தோடு வெட்டுப்படும். டாமிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் பைத்தான் ஸ்கிரிப்ட் யாரிடமாவது இருக்கிறதா? வரிக்கு வரி குறியேற்றத்தைக் கண்டுபிடிக்கும் வழி தெரிந்தாலும் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு முன் முடிக்க வேண்டும்.