புனே பஸ்ஸில் குமட்டல்: இஞ்சி டீ குடித்தும் கேட்கவில்லை

செம்பூர்வாசி:
சனிக்கிழமை காலை 6 மணிக்கு மும்பை செம்பூரின் மைத்ரி பார்க்கில் புனே பஸ் ஏறுகிறேன். காலாப்பூர் தாண்டி மலையேறத் தொடங்கினதும் வாயில் எச்சில் ஊறி, புரட்டிக்கொண்டு வருகிறது. வெறும் வயிறு. ஏறும் முன் ஒரு இஞ்சி கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ), வண்டியில் புதினா மிட்டாய். இப்போது நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொண்டது. எங்கே தப்பு?

அஞ்சறைப்பெட்டி:
இஞ்சி மேல் குற்றமில்லை, அளவும் நேரமும்தான் தப்பு. கட்டிங் சாயில் விழுவது தட்டிப் போட்ட ஒரு துணுக்கு. மிச்சமெல்லாம் பாலும் சர்க்கரையும் கடுந்தேநீரும். வெறும் வயிற்றில் அதுவே புரட்டும்.

சுக்குக்கு மாறுங்கள். மாதுங்காவில் நம்மவர் கடைகளில் முழுச் சுக்காகவே வாங்குங்கள். சுக்குக்குப் புறம் நஞ்சு என்பார்கள் அல்லவா, தோலைச் சுரண்டிவிட்டு இடித்துச் சலியுங்கள். தூள் அரை டீஸ்பூன் (ஏறக்குறைய 1 கிராம்), துருவிய கருப்பட்டி 1 டீஸ்பூன், நாலு சொட்டு நெய். பிசைந்து கோலிக்குண்டு அளவில் இரண்டு உருண்டை. உதிர்ந்தால் இன்னும் இரண்டு சொட்டு நெய். தூளை அப்படியே வாயில் போடாதீர்கள், தொண்டையில் ஒட்டிப் புரையேறும்.

கிளம்ப முக்கால் மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, கையோடு ஓர் உருண்டை. அடுத்தது காலாப்பூருக்கு முன்பே. குமட்டல் வந்தபின் இரைப்பை எதையும் கீழே தள்ளாது. அப்போது விழுங்கினால் அதுவும் வெளியே வரும்.

கொல்லைப்புறம்:
நெஞ்செரிச்சலுக்குப் புதினாவும் காரணமாக இருக்கலாம். உணவுக்குழாயின் அடி வால்வை அது தளர்த்தும், புளிப்பு மேலேறும். எதுக்களிப்பு உள்ளவர்கள் ஒரு ஏலக்காயை மென்று அடக்கிக்கொள்வது மேல். எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறி முகர்ந்தாலும் டீசல் வாடை அடங்கும். முன் வரிசையில் உட்கார்ந்து ரோட்டைப் பாருங்கள். போனைப் பார்த்துக்கொண்டே சுக்கு தின்றால் சுக்கு தோற்கும்!

செம்பூர்வாசி:
நன்றி. வீட்டில் மனைவிக்கு இது மூன்றாவது மாதம், காலையில் ஒரே மசக்கை. இதே உருண்டை கொடுக்கலாமா?

அஞ்சறைப்பெட்டி:
முதலில் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் சொல்லுங்கள். சரி என்றால் நாளுக்கு மொத்தம் 1 கிராம் சுக்கு, அதாவது இந்த இரண்டு உருண்டைதான், அதற்கு மேல் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

அவருக்குப் படுக்கையை விட்டு எழும் முன் ஒரு வறட்டு ரொட்டியோ, கைப்பிடிப் பொரியோ கொடுத்துப் பாருங்கள். வாந்திக்குப் பின் சீரக நீர்: 1 டீஸ்பூன் சீரகத்தை வாசனை வரும் வரை வெறும் சட்டியில் வறுத்து, 2 டம்ளர் தண்ணீர் ஊற்றி 1 டம்ளராக வற்றவிடுங்கள். கருகினால் கசக்கும், கொட்டிவிட்டு மறுபடி போடுங்கள். ஆறினபின் ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். மடக்மடக்கென்று குடித்தால் திரும்பி வரும்.

தண்ணீர்கூடத் தங்கவில்லை, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, வாந்தியில் ரத்தம் என்றால் அஞ்சறைப்பெட்டியை மூடிவிட்டு நேரே ஆஸ்பத்திரி.